கடைசிக் கோட்டை

பழைய வீடியோ கேம்களைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஓட்டி, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் திரையைப் படம் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் கடைக்கு ஷஹ்லா கொண்டுவந்த ஃபோட்டோவைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது.

கேம் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ ஃபிலிம் கேமராவில் எடுத்திருந்தார்கள். கேமின் கடைசிக் கோட்டை. அதன் மேல் கறுத்த வானத்தில் வெளுப்பாய் ஒரு திட்டு.

"மங்கிட்டே வருதுங்ணா. தெளிவாக்கித் தர முடியுங்களா?"

"இதைப் போய் எதுக்குங்க சரி பண்ணோணும்? கேமையே ஓட்டிப் புதுசா எடுத்துத் தர்றனுங்க."

ஒரு வாரம் விளையாடி அந்தக் கோட்டையை அடைந்தேன். அதே இடம், அதே ஸ்கோர். பளிச்சென்ற படத்தை மானிட்டரில் காட்டினேன்.

அவள் அந்த வானத்தை விரலால் தடவினாள்.

"இங்க இருந்தது எங்க போச்சுங்ணா?"

"அது கேம்ல இல்லீங்க. டிவிக் கண்ணாடில விழுந்த நெழலு. அது வராம எடுக்கறதுதானுங்க என்ர வேலையே."

"வெளையாடிட்டிருந்த எங்கண்ணனுங்க அது." அவள் குரல் இறங்கியது. "எங்க அத்தா ஊட்டுல ஆளுகளை ஃபோட்டோ எடுக்க உடமாட்டாரு. டிவியை எடுக்கறேன்னு சொல்லித்தான் நான் எடுத்தேன். அடுத்த மாசமே அண்ணன் மவுத்தாயிட்டான், அடக்கம் பண்ணிட்டோமுங்க. வேற ஃபோட்டோவே இல்லீங்க."

மானிட்டரை அணைத்தேன். கறுத்த திரையில் நாங்கள் இரண்டு பேர் தெரிந்தோம். அவள் எங்களுக்கு நடுவில் தேடிக்கொண்டிருந்தாள்.