எருமை கேட்ட பாட்டு

ஒரு காட்டுக் குளக்கரையில் மைனா ஒன்றும் மரங்கொத்தி ஒன்றும் இருபது மழைக்காலமாகச் சேர்ந்து 'ராப்' இசை பாடிவந்தன. மரங்கொத்தி பட்டுப்போன மரத்தில் கொத்தித் தாளம் போடும். மைனா அந்த வேகத்துக்கு மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டும். ஒரு சொல்கூட யாருக்கும் புரியாது. ஆனாலும் காடே ஆடும். முதல் ஆளாக வந்து குளத்தின் நடுவில் படுத்துத் தலையாட்டுவது எருமைதான்.

இந்த வருடம் மரங்கொத்தியின் அலகு தேய்ந்துவிட்டது.

"பழைய வேகம் வராதுடா. வேற ஆளப் பாத்துக்கோ," என்றது.

"நீ இல்லாம நான் பாடினா அது வெறும் சத்தம்," என்றது மைனா. "உன்னால முடிஞ்ச வேகத்துல அடி. நான் அதுக்குத் தக்கபடி பாடறேன்."

மழை தொடங்கிய அன்று கூட்டம் கூடியது. மரங்கொத்தி மெதுவாகக் கொத்தியது. மைனாவும் நிதானமாகத் தங்கள் முதல் பாட்டை எடுத்தது.

"காட்டுக்கே ஒரே குளம், அதுல எருமைக்கு முக்கால் இடம்..."

எருமையின் தலை சட்டென்று நின்றது. கூட்டம் மொத்தமும் அதைத் திரும்பிப் பார்த்தது. மரங்கொத்தி பயந்துபோய்த் தாளத்தை நிறுத்திவிட்டது.

"இது என்னைப் பத்தியா?" என்று கேட்டது எருமை.

"ஆமாண்ணே. இருபது வருஷமா," என்றது மைனா, பறக்கத் தயாராக.

எருமை எழுந்து குளத்தின் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குன்னு ஒரு பாட்டு இருக்குன்னு யாருமே சொல்லலையே. இன்னொரு தடவை பாடு. இதே வேகத்துல பாடு, வீட்ல போய்ச் சொல்லணும்."