போயிட்டு வரேன்

கிளம்பும்போது குடும்பத்தில் யார் கடைசியாக என்ன சொன்னாலும் அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டிவீடு அது. மாலைக்குள் ஓசூர் போய்ச் சேராவிட்டால் புது வேலை கை நழுவிவிடும் என்பது கதிரேசனின் கவலை. மேலூர் நிறுத்தத்தில் மகள் இனியாள் விளையாடிய நாய்க்குட்டியை அவர் ஏற்றிக்கொள்ளவில்லை. உள்ளே ஏற்கெனவே பூனை இருந்தது.

இனியாள் ஜன்னல் வழியாகக் குட்டியிடம், "போயிட்டு வரேன்டா" என்றாள். வண்டி கொட்டாம்பட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. குட்டி வாலாட்டியது.

"'போறேன்'னு மட்டும் சொல்லு பாப்பா."

"செத்துப் போறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்களாம். அம்மா சொன்னாங்க."

கதிரேசன் மனைவியைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றாள் தமயந்தி. "தைரியம் இருந்தா நீங்க சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு இறங்கிப் போய்க் குட்டியைத் தூக்கி வந்தார். இனி விடைபெற யாரும் இல்லை.

"ஓசூர் போ" என்றார். கதவு மூடும்போது நிறுத்தத்தின் காவலாளி கையசைத்தார்.

"அப்ப வரோம்ணே" என்றார் கதிரேசன்.

"வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு வண்டி மோட்டாரை அணைத்தது.