இந்த வருஷமும் பேர் இல்லை

“எம் பேரு இல்லையா டீச்சர்?”

தலைமையாசிரியை வடிவம்மாள் பள்ளிக்கூட வாசலில் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சித்ரலேகா ஐந்து வகுப்பையும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

“இல்ல பிள்ள. ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

மாதம் ஒருமுறை தலைமையாசிரியர்களுக்கு ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். பாபநாசத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிற அந்த இரண்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வேறு எந்த வழியிலும் சேதி வராது. அங்கே சொல்வதையெல்லாம் கேட்டுச் சுமந்து வருவது வடிவம்மாள்தான். இந்த ஜூன் மாதம் சுமை கொஞ்சம் அதிகம். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஆடிக்கு முன்னால் வராதாம். சீருடைத் துணி வந்துவிட்டதாம், தைக்கத்தான் ஆள் இல்லையாம். ஒழுகுகிற கூரைக்கு ஓடு கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்களாம். ஒவ்வொன்றாகப் பைய எடுத்துச் சொன்னாள். சித்ரலேகாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது மாறுதல் பட்டியல் ஒன்றுதான்.

அவள் புருஷன் கோவில்பட்டியில் மில் வேலையில் இருந்தான். நாலு வயது மகள் மாமியாரிடம் வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் கிளம்பினால், மூன்று பஸ் மாறி, மகள் தூங்கின பிறகு போய்ச் சேரலாம். திங்கட்கிழமை மகள் விழிக்குமுன் கிளம்பிவிட வேண்டும். மூன்று வருஷமாக இதே ஓட்டம்.

“போன வாரம் போனேன்லா டீச்சர். சனிக்கிழம காலைல பிள்ள என்னயப் பாத்துட்டு அடுப்படிக்கு ஓடுதா. ஓடிப்போயி அவ ஆச்சிகிட்ட, ‘அம்மா, டீச்சர் வந்துருக்காவ’ங்கா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் அந்தச் சிரிப்போடுதான்.

சத்துணவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த முப்பிடாதி சும்மா இருக்கவில்லை. “ஆபீஸ் கதவு வெறுங்கைக்குத் தெறக்குமா? எங்க சீவலப்பேரி மதினி மவளுக்கு ஒரே மாசத்துல கெடச்சிட்டு. அவ மாமன் பெரிய எடத்து ஆளு. நீங்க ரெண்டு பேரும் தாளையும் பேனாவையும் வச்சிக்கிட்டு நெலாவுல ஏணி சாத்துதீங்க.”

அது சித்ரலேகாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தானே அலுவலகத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள். மூன்று வருஷத்து விண்ணப்பமும் எந்த மேசையில் தூங்குகிறது என்று நேருக்கு நேர் கேட்காமல் விடுவதில்லை என்றாள்.

வடிவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ போயி அங்கன நிக்காத பிள்ள. தலைமையாசிரியைய மீறி வந்துட்டான்னு ஒரு பேரு விழுந்துரும். அந்தக் கோவத்துலயே ஓரமாத் தூக்கிப் போட்ருவாவ. ஜூலைல ரெண்டாம் பட்டியல் இருக்கு. இப்பமே புதுசா ஒண்ணு எழுதிக் குடு. எங்கையால கொண்டுபோயிக் குடுக்கேன்.”

பெரியவள் சொல்லை அவள் தட்டினதில்லை. வாரத்தில் ஐந்து நாள் அவள் தங்குவதும் சாப்பிடுவதும் வடிவம்மாள் வீட்டில்தான். வாடகை என்று நீட்டினால், “போடி அங்கிட்டு” என்று அதட்டுவாள் வடிவம்மாள். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒரே மகன் பம்பாயில். பொங்கலுக்கு ஒரு கடிதாசி வரும். சித்ரலேகா இருக்கிற நாளெல்லாம் அந்த வீட்டில் இரண்டு தட்டு விழும். குழம்பில் புளி கூடிப்போச்சு என்று ஒரு சண்டை, ரேடியோவில் எந்தப் பாட்டு வைப்பது என்று ஒரு சண்டை, தூக்கம் வரும்வரை ஊர்க்கதை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுப்பு எரியாது. வெள்ளிக்கிழமை சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலம் தள்ளிவிடுவாள் வடிவம்மாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்காரன் ஏதாவது கேட்டால் தொண்டை கட்டினதுபோல் குரல் வரும். பேசி இரண்டு நாள் ஆகியிருக்கும், பாவம்.

அன்று வெள்ளிக்கிழமை. கடைசி மணி அடிக்குமுன் சித்ரலேகா விண்ணப்பத்தை எழுதி முடித்தாள். எந்த ஆசிரியர் எழுதினாலும் தலைமையாசிரியர் பரிந்துரைத்து, கையெழுத்திட்டு, அவர் வழியாகத்தான் மேலே போகவேண்டும்; அதுதான் முறை. வடிவம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழந்தைகள் உயிராய் ஒட்டிக்கொள்ளும் ஆசிரியை, தன் குழந்தையைப் பிரிந்து வாடுகிறார், கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன் என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். எழுதும்போது கண் கலங்கியது உண்மை. கீழே முத்திரை குத்தினாள்.

சித்ரலேகா படித்துப் பார்த்துவிட்டுத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“கெடச்சிட்டுன்னா நீங்க ஒத்தையில என்ன செய்வீங்க டீச்சர்?”

“என்னய விடு. பிள்ள தாயத் தேடுதுல்லா. போ, பஸ் வந்துரும்.”

பஸ் திரும்பி மறையும்வரை ஜன்னலில் அவள் கை அசைந்துகொண்டிருந்தது. வடிவம்மாள் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனாள். விளக்குக்கூடப் போடாமல், தன் கல்யாணப் புடவைகள் இருக்கிற டிரங்குப் பெட்டியின் அடியில் கைவிட்டு, மனமார எழுதிய பரிந்துரையோடும் முத்திரையோடும் மூன்று வருஷமாக அங்கேயே கிடக்கிற மூன்று விண்ணப்பங்களின்மேல், நாலாவதையும் மடங்காமல் வைத்தாள்.