கப்பலா, ரயிலா

"கப்பல்தான்" என்றாள் வாலாம்பாள்.

"ரயில்தான்" என்றார் கல்யாணம், அவள் முகத்தைப் பார்க்காமலே.

எழில்மொழிக்குச் சிரிப்பு வந்தது. மயிலாடுதுறை ஸ்டேஷனுக்கு எதிரே அவள் டிராவல்ஸ் ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. வீட்டுக்கே வந்து விளக்கச் சொல்லி அழைத்த முதல் வாடிக்கையாளர்கள் இவர்கள். மகள் ஸ்ம்ருதிக்கும் மாப்பிள்ளை விஸ்வாவுக்கும் கல்யாணப் பரிசாக ஒரு பயணம், எப்படி அனுப்புவது என்றுதான் தனக்கும் கணவருக்கும் தீரவில்லை என்று வாலாம்பாள் போனில் சொல்லியிருந்தாள்.

"சென்னையில ஏறினா அஞ்சு ராத்திரிம்மா. இலங்கையைச் சுத்திட்டு மறுபடி சென்னை. சாப்பாடு, ரூம் எல்லாம் கப்பல்லயே. பகல்ல இறங்கி ஊரைப் பாத்துட்டு சாயங்காலம் ஏறிடணும்" என்றாள் எழில்மொழி.

"அதுக்குப் பேர் ஊர் சுத்தறதா?" என்றார் கல்யாணம். "மணியடிச்சா சாப்பாடு, மணியடிச்சா தூக்கம். சின்னஞ்சிறுசுகள், தானா நாலு ஊருக்குப் போகணும், வழி கேக்கணும், பிடிச்ச இடத்துல ரெண்டு நாள் கூட இருக்கணும்."

வாலாம்பாள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "ஏறறச்சே இறங்கறச்சே எல்லாரையும் எண்ணுவாளோ?"

"கார்டைக் காட்டினாதான் விடுவாங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் தெரிஞ்சிடும்."

"ராத்திரி ஓட்டறவன் கண்ணசந்துட்டா?"

"ஒருத்தர் இல்லம்மா, மாத்தி மாத்தி ஆள் இருப்பாங்க."

"கடல்ல வளைவும் கிடையாது" என்று வாலாம்பாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெண்ணை வெளியூர் அனுப்பும் அம்மாக்களின் பயம் எழில்மொழிக்குப் பழகியதுதான். அவளுடைய அம்மா இன்றைக்கும் அவள் கும்பகோணம் போனால்கூட மூன்று தடவை போன் செய்வாள்.

கல்யாணம் எழுந்துபோய் ஒரு நீல நோட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ரிட்டையர் ஆனவர். நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. வண்டி எண், பிளாட்பாரம், எந்த ஸ்டேஷனில் தயிர்சாதம் நன்றாக இருக்கும் என்பது வரை எழுதியிருந்தார். மயிலாடுதுறையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சண்டிகர், அங்கிருந்து டாக்ஸியில் மணாலி. பதினோரு நாள்.

"தொழில் தெரிஞ்சவா நீங்க" என்றார். "இதுல எங்கே தப்பு இருக்கு? பாத்துச் சொல்லுங்கோ."

எழில்மொழி அசந்துபோனாள். இவரை ஆபீஸில் உட்கார வைத்தால் தன் டிராவல்ஸ் எங்கேயோ போய்விடும் என்று தோன்றியது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கங்களும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. நாலாம் நாள் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு ஓரம் நைந்து போயிருந்தது.

"பிரமாதம் சார். ஒரு குறையும் இல்ல" என்றவள், அந்தப் பக்கத்தில் நின்றாள். "இது ஒண்ணுதான். நாலாம் நாள் சாயங்காலம் சண்டிகர்ல இறங்கின கையோட டாக்ஸி போட்டிருக்கீங்க. மலை ஏறும்போது இருட்டிடும். அதுவும் மழைக்காலம். அன்னைக்குச் சண்டிகர்லயே தங்கிட்டு, விடிஞ்சதும் கிளம்பலாமே?"

கல்யாணம் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு நாள் மிச்சமாகுமேன்னு நினைச்சேன்" என்றார் கடைசியில்.

அவர் முகம் கறுத்துவிட்டதைக் கண்டு எழில்மொழி பதறினாள். "அய்யோ, சின்ன விஷயம் சார். அந்த ஒரு வரியை அடிச்சுட்டு மாத்தி எழுதினா போச்சு."

கல்யாணம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது. எழுதவில்லை.

சங்கடத்தைப் போக்க எழில்மொழி பேச்சை மாற்றினாள். "சரி, கப்பலோ ரயிலோ பேசி முடிவு பண்ணுங்க. கப்பல்னா பாஸ்போர்ட் வேணும். ரெண்டு பேருக்கும் இருக்காம்மா?"

"இருக்கு, இருக்கு" என்று வாலாம்பாள் ஓடினாள். அந்த வேகத்தை எழில்மொழி அவளிடம் எதிர்பார்க்கவில்லை. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

"வேண்டாம், வாலா" என்றார் கல்யாணம். அது உள்ளே எட்டவில்லை.

பட்டுத் துணியில் சுற்றிய இரண்டு பாஸ்போர்ட்டுகளை வாலாம்பாள் கொண்டுவந்து எழில்மொழியின் மடியில் வைத்தாள். எழில்மொழி முதலாவதைப் பிரித்தாள். நெற்றியில் குங்குமத்தோடும் கண்ணில் அடக்கிய சிரிப்போடும் ஸ்ம்ருதி. அட்டையின் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. உள்ளே ரத்து முத்திரை. விஸ்வாவுடையதிலும் அதே கத்தரிப்பு, அதே முத்திரை. இரண்டிலும் தேதி ஒன்றுதான்.

"இது ரெண்டும் கேன்சல் ஆனதும்மா" என்றாள் எழில்மொழி. "புதுசு எடுத்திருப்பாங்களே, அது எங்க இருக்கு?"

கல்யாணத்தின் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் உருண்டது.

வாலாம்பாள் அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவையாவது கப்பல்னு சொல்லுங்கோ, குழந்தைகள் உயிரோட திரும்பி வரட்டும்."