ஜெப்ரினுக்குப் பெரிய கணக்கு

"கிளாஸ்ல கேட்டா டக்குன்னு சொல்றா. வீட்டுலேருந்து வர்ற ஒர்க்ஷீட்டுல மட்டும் அரையும் காலும் கூட்டினா ஆறுல ரெண்டுங்கிற விடைக்கு வட்டம் போட்டிருக்கா. நீங்களே பாருங்க," என்று தாளை நீட்டினார் மலர்விழி டீச்சர்.

ரெஜினாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆறாம் வகுப்பில் கணக்கென்றால் தன் மகள் ஜெப்ரின்தான் என்று குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கடலூரில் நடக்கும் கணக்குப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி.

"ஏன்டி, ஒரு வட்டம் போடக்கூடவா ஒடம்பு வணங்கல?"

பக்கத்தில் நின்ற ஜெப்ரின் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஒங்கப்பாவப் பாரு. மைன்ஸ்ல ஷிப்ட் முடிச்சி வந்து, இந்த வயசுல புரமோஷன் பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்காரு. கோச்சிங்ல வூட்டுக்குக் குடுத்தனுப்புற தாளு ஒண்ணு விடாம நூத்துக்கு நூறு. அவரு பக்கத்துலயே குந்திக்கினு நீ போடுற லட்சணம் இது."

ஜெப்ரினுக்கு இருமல் வந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று ரெஜினா நினைத்துக்கொண்டாள்.

அப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் நேரத்தில் ரெஜினா டிவியைப் போடுவதே இல்லை. சீரியலில் மாமியார் யாருக்கு விஷம் வைத்தாள் என்பதை மறுநாள் பக்கத்து குவார்ட்டர்ஸில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். இத்தனை தியாகமும் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

டீச்சர் போர்டில் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே ஜெப்ரின் விடையைச் சொன்னாள்.

"நெனச்சேன்," என்று சிரித்தார் டீச்சர். "தெரியாம தப்புப் போடலைங்க. அலுத்துப்போய்ப் போடுறா. நாங்க குடுக்கிறது இவளுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. வீட்டுல பெரிய கணக்காக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு ஒர்க்ஷீட் தப்பில்லாம வரட்டும், இவ பேரையே குடுத்துடுறேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் ரெஜினா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முதல் ஷிப்ட் முடித்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த கணவன் அலெக்சாண்டரின் எதிரில் கிடந்த கோச்சிங் தாளை எடுத்து மகளின் கையில் திணித்தாள்.

"டீச்சர் சொல்லிட்டாங்க. இனிமே நீ அப்பாவோட கணக்கத்தான் போடணும்."

அலெக்சாண்டருக்குப் புரையேறியது. "பெரியவங்க தாள எதுக்குப் புள்ள கையில குடுக்கிற?"

"நீங்க சும்மா இருங்க. ஒங்கள மாதிரியே அவளும் நூறு வாங்கட்டும்."

ஜெப்ரின் அப்பாவைப் பார்த்தாள். அவர் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடலூர் போட்டி கண்ணுக்குள் வந்து நிற்க, அவள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அம்மா, ஒரு மாசமா அப்பா தாள நான்தான் போட்டுக்கினு இருக்கேன். என் ஒர்க்ஷீட்டு ரொம்ப போர் அடிச்சிது, அத அப்பாகிட்ட தள்ளிட்டேன். நீ கவலப்படாத, வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாச்சும் அவரத் தேத்திடுறேன்."