வாத்துகளுக்கு வழி

ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் இருக்கும் அந்தக் கிரீ பழங்குடி ஊருக்கு இன்று காலையிலிருந்து வானமும் சொந்தம். ஊருக்கு மேலே எது பறக்கலாம் என்பதை ஊரே முடிவு செய்யும் சட்டம் விடிந்ததுமே நடப்புக்கு வந்துவிட்டது. அமைச்சர் வந்து மேடையில் கைகுலுக்குவதுதான் பாக்கி.

விமானக் கட்டுப்பாட்டு அறையில் டெய்சி வாப்பாச்சி மட்டும்தான் இருந்தாள். வசந்தத்தில் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும்போது பள்ளி, கடை எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். ஊரே சதுப்பு நிலத்தில் துப்பாக்கியோடு பதுங்கியிருக்கும். வேட்டைத் தலைவர் சொல்லும்வரை ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். போன வசந்தத்தில் ஊருக்கு மேலே பறந்த சுரங்கக் கம்பெனிச் சரக்கு ட்ரோன்களின் இரைச்சலுக்குப் பயந்து ஒரு வாத்துகூட இறங்கவில்லை.

ரேடியோவில் தலைவர் கிசுகிசுத்தார். "டெய்சி, வருது. வானமே கறுத்துப்போச்சு."

டெய்சி திரையில் எல்லா வான்வழித்தடங்களையும் மூடினாள். ட்ரோன்கள் வந்த வழியே திரும்பின.

உடனே, ஊரில் இறங்க வந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து விமானி கூப்பிட்டான். அவள் தம்பி எல்மர்தான்.

"அக்கா, அமைச்சர் என்கூட இருக்கார். இறங்கணும்."

"வாத்து வருதுடா. திரும்பிப் போ."

"நம்மகிட்ட வானத்தை ஒப்படைக்கத்தானே வர்றார்?"

"ஒப்படைச்சாச்சுன்னு சொல்லு."

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் அதை அமைச்சரிடம் சொல்வது கேட்டது. பிறகு எல்மர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினான்.

"எப்ப வரலாம்னு கேக்கறார்."

ஜன்னலுக்கு வெளியே முதல் கூட்டம் கத்திக்கொண்டே தாழ்ந்தது. டெய்சி அதற்குள் வேட்டைக்குக் கிளம்ப ஒரு காலில் பூட்ஸை மாட்டியிருந்தாள்.

"என்னை ஏன் கேக்கறார்? வாத்தைக் கேக்கச் சொல்லு."