ஏழாம் அத்தியாயம்

பூதலூரில் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்தே எழுத்தாளர் பரிதிக்கு எரிச்சலாக இருந்தது. மாலை போட்டவர்கள் அத்தனை பேரும், "தவளையாரின் மூக்குக்கண்ணாடி எழுதின சார்தானே?" என்றுதான் கேட்டார்கள்.

வாசகர் வட்டம் நடத்தும் ரெமிஜியஸ் வாத்தியார் வீட்டிலும் அதே கூத்து. காபியைக் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்காக அவர் எழுதிய இரண்டு புத்தகங்களை, தவளைக் கதையையும் ஜாஸ் புத்தகத்தையும், நீட்டினார். பரிதி தவளைப் புத்தகத்தை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார்.

"குப்பை சார் இது! வயித்துப்பாட்டுக்கு எழுதினது. ஜாஸ் இசை மேதைகளோட வாழ்க்கையை எழுதினேனே, அதுதான் என் உயிர். எவன் படிச்சான்?"

"நான் படிச்சேங்க. ஏழாம் அத்தியாயத்துல அழுதேபுட்டேன்."

பரிதி உச்சி குளிர்ந்து பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு சாக்ஸபோன் பிளிறியது.

"சீ! சாவு வீட்டு பேண்டா? மாடு கன்னு போடுற மாதிரி கத்துறான். நிறுத்தச் சொல்லுங்க சார், வாந்தி வருது!"

ரெமிஜியஸ் எழுந்து உள்ளே போனார். சத்தம் சட்டென்று நின்றது. கையில் ஒரு கேசட்டோடு திரும்பி வந்தார்.

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு வீட்டுல போடச் சொன்னேன். தம்பி சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பினது. இதைக் கேட்காம நான் ஒருநாளும் தூங்கினதில்லைன்னு ஏழாம் அத்தியாயத்துல எழுதியிருக்கீங்களே, அந்த மேதையோட சாக்ஸபோன் வாசிப்புதாங்க."

பரிதியின் பேனா அந்தரத்தில் நின்றது.

ரெமிஜியஸ் முகத்தைச் சுளித்தபடி ஜாஸ் புத்தகத்தை உருவிக்கொண்டு, தவளையை முன்னால் நகர்த்தினார்.

"இதுல போடுங்க, போதும். இதையாவது நீங்கதானே எழுதினீங்க?"